பெட்டி பேசும் மொழி: தொடர்பாடற் கருவிகளின் பெயர்கள் பிறந்த கதை

ஒரு தொழிலுக்குள் புக விரும்புவோன் முதலில் அத்தொழிலாளர் வழங்கும் சொற்களை அறிதல் வேண்டும். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்களைப் பிரித்தறியாதவன் கடலில் ஓடம் செலுத்துதல் அரிது. கொழு எது, மேழி எது என்று அறியாதவன் ஏர் பிடித்தல் அதனினும் அரிது. சொல்லை அறிந்தோன் பாதித் தொழிலை அறிந்தோன் என்று கூறின் அது மிகையாகாது.

இன்று நம் நாட்டில் எண்ணிறந்த வீடுகளிற் சுவரோரமாக ஒரு சிறு பெட்டி அமர்ந்து பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கின்றது. மாணவன் பாடம் படிப்பதும், கடல் கடந்து வாழும் மகளின் முகத்தைத் தாய் காண்பதும், தந்தை தமது வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அப்பெட்டியின் வழியாகவே நிகழ்கின்றன. மாதந்தோறும் அதற்கு நாம் பணமும் செலுத்துகின்றோம். ஆயின் அதன் விளக்கொன்று அணைந்துவிட்டால், தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் ரவுட்டர் என்றும், போர்ட் என்றும், பிங் என்றும், மெகாபிற்று என்றும் சொற்களை அடுக்கும்போது நாம் திகைத்து நிற்கின்றோம். அவர் கூறுவது சரியோ பிழையோ என்று உரைத்துப் பார்க்க நம்மிடம் உரைகல் இல்லை. மாணவரோ இச்சொற்களைப் பொருளுணராது மனனஞ்செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர்.

உண்மையில் இச்சொற்கள் அஞ்சத்தக்கன அல்ல. இவற்றுட் பெரும்பாலானவை புதியனவும் அல்ல. இக்கருவிகளை ஆக்கிய பொறியியலாளர், தாம் கண்ட புதுமைக்குப் பெயர் தேடியபோது வயலையும் வண்டிச் சக்கரத்தையும் புகையிரதப் பாதையையும் தபால் மூட்டையையுமே நோக்கினர். ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு படம் மறைந்திருக்கின்றது. அப்படத்தைக் கண்டுகொண்டால் கருவியின் வேலை தானே விளங்கும். அவற்றுட் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

துணுக்கும் கவளமும்

குடும்பத்தின் பணப்பையோடு நேரே தொடர்புடைய இரு சொற்கள் பிற்று, பைற்று என்பன. ஓசையில் அண்ணன் தம்பி போலத் தோன்றும் இவற்றை மயங்கிக் கொள்வோர் பலர்.

பிற்று என்பது செய்தியின் மிகச் சிறிய அளவு. ஆம் அல்லது இல்லை, ஒன்று அல்லது சுழி என்னும் ஒரு விடை. ‘இரும இலக்கம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி இப்பெயரை ஆக்கியவர் ஜோன் ரூக்கி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். 1948ஆம் ஆண்டில் குளோட் ஷனன் என்பார் தொடர்பாடலின் கணிதக் கொள்கையை விளக்கி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இச்சொல்லை எடுத்தாண்டு, அது ரூக்கியின் சொல் என்று நன்றியோடு குறிப்பிட்டார். ஆங்கிலத்தில் அவ்வோசைக்குத் துணுக்கு என்ற பொருளும் உண்டு. எனவே பெயர் இருவகையாலும் பொருந்தியது.

பைற்று என்னும் சொல் 1956ஆம் ஆண்டிற் பிறந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஒரு பெருங்கணினியை அமைத்துக்கொண்டிருந்த வேர்னர் புக்கோல்ஸ் என்பார், கணினி ஒரே முறையில் எடுத்துக்கொள்ளும் பிற்றுகளின் தொகுதிக்குப் பெயர் தேடினார். ஒரு கடி, ஒரு வாய்க் கவளம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அவருக்கு நினைவில் வந்தது. ஆயின் அதனை அவ்வாறே எழுதினால், ஓரெழுத்துத் தவறியவிடத்து அது பிற்று என்றாகிவிடும் என்று அஞ்சி, எழுத்துக்கூட்டலைச் சற்றே மாற்றினார். பிற்று துணுக்கு, பைற்று கவளம். எட்டுத் துணுக்குகள் கொண்டது ஒரு கவளம் என்பது பின்னர் நிலைபெற்ற வழக்கு.

இக்கவளக் கணக்கை நம் தமிழிலே பார்க்கலாம். ‘அம்மா’ என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. ஒருங்குறி முறையில் அது ஐந்து குறிகளாகும்: அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், ஆகாரத்தின் கால். இணையத்திற் பெரிதும் வழங்கும் யூ.ரி.எவ்.-8 என்னும் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்று வேண்டும். ஆகவே ‘அம்மா’ என்று ஒருமுறை எழுதி அனுப்பினால் 15 பைற்றுகள், அதாவது 120 பிற்றுகள், கம்பியிற் செல்கின்றன.

இனி, பணத்தின் கணக்குக்கு வருவோம். இணைப்பின் வேகத்தை விற்போர் பிற்றில் அளந்து கூறுவர். கோப்புகளின் பருமனும் மாதாந்த அளவும் பைற்றிற் கூறப்படும். வினாடிக்கு 100 மெகாபிற்று என்னும் இணைப்பை வாங்கியவர், 1 கிகாபைற்றுப் பருமனுள்ள திரைப்படம் 10 வினாடியில் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பார். 1 கிகாபைற்று என்பது 1,000 மெகாபைற்று. எட்டாற் பெருக்க 8,000 மெகாபிற்று. அதனை 100 ஆல் வகுத்தால் 80 வினாடி. கம்பி எவ்விதக் குறையுமின்றி வேலை செய்தாலும் அவ்வளவு நேரம் வேண்டும். பத்து வினாடியில் வரவில்லையே என்று சினங்கொள்பவர் ஏமாற்றப்பட்டவர் அல்லர். துணுக்கைக் கவளமென்று எண்ணியவர். ஆயின் அதே படம் பத்து நிமிடமாகியும் வாராதாயின் முறையிடுதற்கு அவருக்கு உரிமை உண்டு. எட்டால் வகுக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டிலிருந்தால் போதும். இவ்வேறுபாடு உடனே புலனாகும்.

இரு தொழில் செய்யும் மோடெம்

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகவே அமைக்கப்பட்டது. வினாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரை அதிர்வுகளுள்ள ஒலிகளையே அது நன்கு சுமந்து செல்லும். கணினியின் ஒன்றையும் சுழியையும் அதில் எங்ஙனம் அனுப்புவது? ஒன்றுக்கு ஓர் இசையொலி, சுழிக்கு மற்றோர் இசையொலி என்று மாற்றிப் பாடவேண்டும். மறுமுனையில் அப்பாட்டைக் கேட்டு மீண்டும் ஒன்றும் சுழியுமாக ஆக்கவேண்டும். முன்னதைப் பண்பேற்றம் என்றும் பின்னதைப் பண்பிறக்கம் என்றும் பௌதிக நூல்கள் கூறும். இவ்விரு வினைகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து தலைப்பகுதியை வெட்டி ஒட்டியதே மோடெம் என்னும் சொல்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடெம் வினாடிக்கு 300 பிற்று அனுப்பியது. நாம் மேலே கண்ட ‘அம்மா’வை அது வினாடிக்கு இரண்டரை முறை கூறியிருக்கும். 1990களில் தொலைபேசி வழியே இணையத்துட் சென்றோர், இணைப்பு ஏற்படுமுன் எழுந்த கீச்சொலியை மறந்திருக்கமாட்டார். அஃது இரு மோடெம்கள் ஒன்றையொன்று கண்டு பேசிக்கொண்ட பேச்சு. ஒளிநார் வந்த வீடுகளில் இன்று அப்பாட்டு இல்லை. அங்கே பெட்டி ஒளித்துடிப்பை மின்துடிப்பாக மாற்றுகின்றது. அத்தகைய பெட்டிகள் பலவற்றில் எல்.ஓ.எஸ். என்னும் மூன்றெழுத்தின் மேல் சிவப்பு விளக்கு எரியுமாயின், ஒளி வந்து சேரவில்லை என்பது கருத்து. நார் முறிந்திருக்கலாம், அல்லது மடங்கியிருக்கலாம். கைத்தொலைபேசியை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை.

மொழியறிஞரைக் கேட்டுச் சூட்டிய பெயர்

இத்துறையின் மிகச் சிறந்த சொல் யாதெனில், அது பொதி என்பதே.

பழைய தொலைபேசி முறையில் இருவர் பேசும்போது அவர்களுக்கென ஒரு பாதை முழுமையாக ஒதுக்கப்பட்டது. இருவரும் வாய்மூடி இருந்தாலும் அப்பாதையிற் பிறர் செல்லுதல் இயலாது. கணினிகளோ சிறிதுநேரம் பேசி நெடுநேரம் மௌனமாய் இருப்பவை. அவற்றுக்கு இம்முறை வீண்செலவு. எனவே நீண்ட செய்தியைச் சிறு துண்டங்களாக வெட்டி, ஒவ்வொரு துண்டத்தின் மேலும் முகவரி எழுதித் தனித்தனியே அனுப்பினால் ஒரே பாதையிற் பலருடைய துண்டங்களும் கலந்து செல்லலாம் அன்றோ? இவ்வெண்ணம் 1960களில் இரு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத இருவரிடம் தோன்றியது. அமெரிக்காவிற் போல் பரன் என்பார் அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னரும் அழியாதிருக்கும் தொடர்பு வலையைத் தேடி இம்முடிவை அடைந்து, 1964ஆம் ஆண்டில் தமது ஆய்வுகளை வெளியிட்டார். அவர் அத்துண்டங்களுக்கு இட்ட பெயர் ‘செய்திக் கட்டை’ என்பதுபோன்ற ஒன்று.

இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் டொனால்ட் டேவிஸ் என்பார் 1965ஆம் ஆண்டளவில் அதே எண்ணத்தை அடைந்தார். அவர் செய்த ஒரு செயல் நம் கவனத்துக்குரியது. தனித்துச் செல்லும் அத்துண்டத்துக்குப் புதிய சொல் வேண்டும் என்று உணர்ந்து, சிறு பொட்டலம் என்று பொருள்படும் ‘பக்கற்’ என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தார். அதனை உடனே வெளியிட்டாரல்லர். தமது ஆய்வுகூடத்திலிருந்த மொழியறிஞர் இருவரை அணுகி, பிற மொழிகளிலும் இதற்கு இனமான சொற்கள் உளவோ என்று கேட்டறிந்த பின்னரே அதனை உறுதிசெய்தார். பொறியியலாளர் ஒருவர் தம் மொழியோடு நில்லாது பிறர் மொழியையும் எண்ணிப் பெயர் சூட்டினார். அப்பெயர் உலகெங்கும் நிலைத்தது. பரன் சூட்டிய பெயர் வழக்கொழிந்தது. தமிழில் நாம் பொதி என்கின்றோம். பொதிமாடும் பொதிசோறும் கண்ட நம் மக்களுக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைத்தல் அரிது.

வீட்டுக் கம்பியிற் செல்லும் பொதி ஒன்று பெரும்பாலும் 1,500 பைற்றுக்கு மேற்படாது. மூன்று மெகாபைற்றுப் பருமனுள்ள ஒரு திருமணப் புகைப்படத்தை ஊரிலிருந்து கனடாவுக்கு அனுப்பினால், அது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகளாகப் பிரிந்து செல்லும். சில முன்னும் சில பின்னுமாகச் சேரலாம். ஒன்றிரண்டு வழியிற் காணாமலும் போகலாம். ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருத்தலால், சேருமிடத்துக் கருவி அவற்றை அடுக்கி, இல்லாதவற்றை மீண்டும் கேட்டுப் பெற்று, மணமக்களின் படத்தை முழுமையாகக் காட்டும்.

சந்தியில் நிற்கும் வழிகாட்டி

இப்பொதிகளுக்கு வழிசொல்வது ரவுட்டர். வழிப்படுத்தி என்பது நம் வழக்கு. அதன் தொழிலை விளக்க நம் புகையிரதப் பாதையே போதும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து செல்லும் பாதை பொல்காவலையிற் பிரிகின்றது. ஒரு கிளை மலைநாட்டுக்கு ஏறும்; மற்றது வடக்கே செல்லும். வடக்கே செல்வது மாகோவில் மீண்டும் பிரிந்து, ஒன்று அநுராதபுரம், வவுனியா வழியாகக் காங்கேசன்துறையை நாடும். மற்றது கிழக்கு மாகாணத்தை நாடும். மட்டக்களப்புக்கு என்று முகவரியிட்ட பொதி பொல்காவலைக்கு வரும்போது, அங்குள்ளவர் மட்டக்களப்பின் தெருக்களை அறிந்திருக்க வேண்டுவதில்லை. இது வடக்கே போகும் வண்டிக்குரியது என்பதை மட்டும் அறிந்தாற் போதும். மாகோவில் உள்ளவர் இது கிழக்குக்குரியது என்பதை அறிந்தாற் போதும். வழிப்படுத்தியும் இவ்வாறே. உலகம் முழுவதையும் அது அறியாது. அடுத்த சந்தி எது என்பதை மட்டும் ஓர் அட்டவணையிற் பார்த்துப் பொதியைத் தள்ளிவிடும். ஒரு பாதை அறுந்துவிட்டால் அட்டவணையைத் திருத்தி வேறு பாதையில் அனுப்பும்.

எனினும் ஓர் இடர் உண்டு. இரு வழிப்படுத்திகளின் அட்டவணைகள் பிழைபட்டு, ஒன்று மற்றொன்றிடமும் மற்றது முன்னதனிடமும் பொதியை மாறி மாறித் தள்ளினால் அது முடிவின்றிச் சுழலும் அன்றோ? இதற்காக ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஆயுட்கணக்கு எழுதப்படுகின்றது. 64 என்று தொடங்குதல் பெருவழக்கு. ஒவ்வொரு சந்தியைக் கடக்கும்போதும் அதில் ஒன்று கழியும். சுழியானவுடன் பொதி அழிக்கப்படும்.

இக்கருவியின் மூதாதை 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலைக்காக அமைக்கப்பட்ட ஒரு கணினி. அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரான்போர்ட் ஆய்வு நிலையத்துக்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. உட்புகுதற்குரிய ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றனர். ‘எல்’, ‘ஓ’ என்னும் இரண்டெழுத்துச் சென்றவுடன் மறுமுனைக் கணினி செயலிழந்தது. இணையத்தின் முதற் சொல் இவ்வாறு பாதியில் நின்ற சொல்லே. மழலை பேசத் தொடங்குவதும் அவ்வாறுதானே!

சக்கரத்தின் குடம்

பல கணினிகளை ஓரிடத்தில் இணைக்கும் கருவிக்கு முதலில் வழங்கிய பெயர் ‘ஹப்’. வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் யாவும் வந்து பொருந்தும் நடுக்குடமே ஆங்கிலத்தில் ஹப் எனப்படும். கருவியின் உருவத்தை அப்பெயர் அழகாகக் காட்டியது. குணத்திலோ ஒரு குறை இருந்தது. ஓர் ஆரத்தின் வழியே வந்த செய்தியை அது ஏனைய ஆரங்கள் எல்லாவற்றிலும் அனுப்பிவிடும். ஒருவருக்குரிய கடிதத்தை ஊர் முழுவதும் கேட்க வாசிக்கும் தபாற்காரனை ஒத்தது அது.

அதன் இடத்தைப் பிடித்த கருவி ‘சுவிற்ச்’. நம் மின்னியற் பாடநூல்களில் வழங்கும் ஆளி என்னும் சொல்லே இதற்கும் உரியது. எந்த ஆரத்தில் எந்தக் கருவி உள்ளது என்பதை 48 பிற்று நீளமுள்ள அடையாள எண்ணைக் கொண்டு இது தானே கற்றுக்கொள்ளும். பின்னர் உரியவருக்கு மட்டும் செய்தியை அனுப்பும். இச்சொல்லும் பழையதே. புகையிரதத்தை ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பொறியை அமெரிக்கர் இப்பெயரால் அழைத்தனர். தொலைபேசி நிலையத்தில் பெண்கள் கையாற் செருகி இணைத்த பலகைக்கும் அதே பெயர் வந்தது. அப்பெண்களின் வேலையைப் பொறியிடம் ஒப்படைத்தவர் அல்மன் ஸ்ரோஜர் என்னும் அமெரிக்கர். ஈமக்கிரியைத் தொழில் செய்தவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளரிடம் திருப்பப்படுகின்றன என்ற ஐயமே அவரை இம்முயற்சிக்குத் தூண்டியது என்று கூறுவர். 1891ஆம் ஆண்டில் அவர் உரிமம் பெற்றார்.

விதைப்பும் ஈதரும்

ஒரு கைத்தொலைபேசி புதிதாக வீட்டு வலையிற் சேரும்போது யாரிடம் முகவரி கேட்பது என்று அதற்குத் தெரியாது. எனவே, “எனக்கு முகவரி தருவார் உளரோ?” என்று எல்லோரையும் நோக்கிக் கூவும். இக்கூவலின் ஆங்கிலப் பெயரை வானொலியோடு சேர்த்தே நாம் அறிவோம். ஆயின் வானொலி பிறக்குமுன் அச்சொல் உழவனுடையது. நாற்று நடாது, விதையைக் கையால் அள்ளி வயலெங்கும் வீசி விதைத்தலே அதன் முதற் பொருள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் நெல் விதைப்பைக் கண்ட மாணவனுக்கு இதனை வேறு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

கம்பி வலைக்கு வழங்கும் ஈதர்நெற் என்னும் பெயரோ ஓர் இறந்துபோன கொள்கையின் நினைவுச் சின்னம். ஒளி செல்லுதற்கு அண்டமெங்கும் ஈதர் என்னும் நுண்பொருள் நிறைந்துள்ளது என்று முன்னாளில் விஞ்ஞானிகள் எண்ணினர். 1887ஆம் ஆண்டில் மைக்கல்சன், மோர்லி என்னும் இருவர் செய்த சோதனை அதனைக் காணவில்லை. பௌதிகம் கைவிட்ட அச்சொல்லை 1973ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி எழுதிய குறிப்பொன்றில் ரொபேட் மெற்காவ் என்னும் பொறியியலாளர் உயிர்ப்பித்தார். எல்லாக் கணினிகளின் செய்தியையும் பொதுவிற் சுமக்கும் கம்பிக்கு அது தக்க உவமையெனக் கண்டார்.

துறையும் தீச்சுவரும்

‘போர்ட்’ என்னும் சொல் வாயிலைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பெட்டியின் பின்புறத்தில் கம்பி செருகும் துளைகளும் போர்ட். ஒரே கணினிக்குள் வெவ்வேறு வேலைகளுக்கு ஒதுக்கிய எண்களும் போர்ட். இணையத்தளங்களுக்கு 80, 443 ஆகிய எண்களும், அஞ்சலைக் கைமாற்றுதற்கு 25 என்ற எண்ணும் வழக்கமாக உரியன. தமிழில் இதனைத் துறை என்றோர், அதே எழுத்துக்கூட்டலையுடைய துறைமுகத்தை எண்ணினர் போலும். எனினும் பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் உள்ள நாட்டில் இது பொருந்தாமற் போகவில்லை. மரக்கலம் ஒவ்வொன்றும் தனக்குரிய துறையை அடைவதுபோலப் பொதி ஒவ்வொன்றும் தன் எண்ணுள்ள துறையை அடைகின்றது.

வேண்டாத துறைகளை அடைத்துக் காப்பது தீச்சுவர். அடுத்தடுத்துக் கட்டிய வீடுகளில் ஒன்றிற் பற்றிய தீ மற்றொன்றுக்குத் தாவாதபடி எழுப்பும் சுவரே அதன் மூலப்படம். இச்சுவர் நெருப்பைத் தடுக்கும். வீட்டுக்காரன் தானே கதவைத் திறந்து கொள்ளிக்கட்டையை வாங்கினால் தடுக்கமாட்டாது. அறியாதவர் அனுப்பிய கோப்பைத் திறத்தலும், கடவுச்சொல்லைப் பிறர்க்குக் கூறுதலும் அத்தகைய செயல்களே.

படமில்லாத பெயர்கள்

எல்லாப் பெயர்க்குள்ளும் படம் இருப்பதில்லை. வைஃபை என்பது ஏதோ இரு சொற்களின் சுருக்கம் என்று பலர் விரிவுரை செய்வர். அஃது 1999ஆம் ஆண்டில் விளம்பரத்துக்காகப் புனைந்த வணிகப் பெயரே. அதன் ஓசையன்றிப் பொருள் ஒன்றுமில்லை. புளூரூத் என்பதோ 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னனின் பட்டப்பெயர். நீலப்பல்லன் என்பது பொருள். பிரிந்து கிடந்த மக்களை இணைத்தவன் அவன் என்பதால், கருவிகளை இணைக்கும் முறைக்கு 1997ஆம் ஆண்டில் அப்பெயரைத் தற்காலிகமாக முன்மொழிந்தனர். தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது.

வைஃபை என்னும் பெயரால் விளையும் மயக்கம் ஒன்றை இங்கே நீக்கிக்கொள்ளலாம். கைத்தொலைபேசியில் வைஃபைக் கோடுகள் நிறைந்து காண்பது, தொலைபேசிக்கும் மூலையிலுள்ள பெட்டிக்கும் இடையேயான உறவு நன்றாய் உள்ளது என்பதையே காட்டும். பெட்டிக்கும் வெளியுலகுக்கும் உள்ள உறவு அறுந்திருந்தாலும் கோடுகள் நிறைந்தே இருக்கும்.

அவ்வெளியுறவைச் சோதிப்பது பிங். கடலடியில் ஒலியை அனுப்பி எதிரொலி மீளும் நேரத்தால் ஆழமும் தூரமும் அளக்கும் கருவியின் ஓசையே இப்பெயர். 1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் அமைத்த சிறு நிரல், ஒரு பொதியை அனுப்பி அது மீளும் நேரத்தைச் சொல்லும். இதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒளிநாரில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்புக்கும் இலண்டனுக்கும் இடையே நேர்த்தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். போய் வர வினாடியின் ஆயிரத்தில் 87 பங்காயினும் வேண்டும். எந்த நிறுவனம் எவ்வளவு பணம் வாங்கினும் நார்வழியில் இதனைக் குறைத்தல் இயலாது.

நம் மொழியும் இச்சொற்களும்

கருவிகள் யாவும் தம்முட் பேசுதற்கு வகுத்த ஒழுங்கை ‘புரோட்டக்கோல்’ என்பர். நம் பாடநூல்கள் நடப்பொழுங்கு என்கின்றன. கிரேக்க மொழியில் ‘முதலில் ஒட்டியது’ என்பது அதன் பொருள். பண்டைக்காலத்து ஏட்டுச் சுருளின் முதலில், உள்ளடக்கம் கூறி ஒட்டிய தாளையே அது குறித்தது. பின்னர் அரசத் தூதர்களின் ஒழுங்குமுறைக்கு வந்து, கணினிக்கும் வந்தது. 1983ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி ஆர்ப்பாநெற் வலை ரி.சி.பி./ஐ.பி. என்னும் நடப்பொழுங்குக்கு மாறியது. இன்றைய இணையமும் அதன்மீதே நிற்கின்றது.

இதனைத் தமிழ்நாட்டார் நெறிமுறை என்பர்; வழிப்படுத்தியைத் திசைவி என்பர். இவ்வேறுபாடு கண்டு மாணவர் மயங்க வேண்டியதில்லை. வழியைப் பார்த்தவர் ஒரு பெயர் இட்டார்; திசையைப் பார்த்தவர் மற்றொரு பெயர் இட்டார். படம் ஒன்றே. கணினியின் உள்ளே ஒன்றையும் சுழியையும் விடுவதும் தடுப்பதுமாகிய தருக்க வாயிலுக்கு நம் பாடநூல்கள் படலை என்று பெயரிட்டுள்ளன. வேலியின் படலையைத் திறந்து மூடிய பிள்ளைக்கு அச்சொல் அரைப்பாடத்தைத் தானே கற்பித்துவிடும். படமுள்ள சொல்லைப் படத்தோடு தமிழாக்குதல் நன்று. வைஃபை, புளூரூத் போன்ற வெறும் பெயர்களைப் பெயராகவே வழங்குதல் நன்று. மனிதர் பெயரை நாம் மொழிபெயர்ப்பதில்லை அன்றோ?

2010ஆம் ஆண்டில் இணைய முகவரியின் இறுதியில் ‘.இலங்கை’ என்று தமிழ் எழுத்திலேயே எழுதும் உரிமை நம் நாட்டுக்குக் கிடைத்தது. முகவரியிலே தமிழ் ஏறிவிட்டது. கருவியின் தொழிலை விளக்கும் பேச்சிலும் அது ஏறுதல் வேண்டும்.

மாணவர்கள் ஒன்று செய்யலாம். ஒரு புதிய கலைச்சொல் எதிர்ப்பட்டால் அதனை மனனஞ்செய்யுமுன், இஃது எந்தத் தொழிலாளியிடம் கடன்பெற்றது என்று வினவுக. விடை உழவனிடமோ, தச்சனிடமோ, தபாற்காரனிடமோ இருக்கும். பின்னர் அதனை வீட்டிலுள்ள பாட்டிக்கு விளங்கும்படி கூறுக. பாட்டிக்கு விளங்கியதாயின் பாடம் முடிந்தது என்று கொள்ளலாம். அடுத்த முறை பெட்டியின் விளக்குச் சிவக்கும்போது, தொலைபேசியில் முறையிடும் வேலையை அப்பிள்ளையிடமே ஒப்படைக்கலாம்.